கேம் பெட்டிகளுக்குச் சேனை வைத்த வருடம்

எங்கள் ஹவுசிங் போர்டு காலனியில் கேம் பெட்டிகள் குட்டி போடத் தொடங்கியது ஒரு ஐப்பசி மாதத்தில், துறைமுகத்திலிருந்து நிலக்கரித் தூளும் மழையும் சேர்ந்து வந்து கொடியில் கிடந்த வேட்டிகளையெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை காலையில். முதலில் பெற்றது சி பிளாக் முத்துக்கனி வீட்டுப் பெட்டி. பெற்றது இரண்டு.

முத்துக்கனி காலனி முழுவதற்கும் தோசைமாவு அரைத்து விற்கிறவள். மாவுக் கையோடு வெளியே வந்து மாடிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "ஏ, எல்லாரும் வாங்களேன், எங்க பெட்டி பெத்துட்டு!" என்று கத்தினாள். போய்ப் பார்த்தோம். டிவிக்குக் கீழே பலகையில், தாய்ப்பெட்டி சூடாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் உள்ளங்கை அகலத்தில் இரண்டு குட்டிகள், வெங்காயத் தோல் போன்ற சவ்வு போர்த்தி, நனைந்து, கறுப்பாக, தாயின் பின்பக்கத்து ஓட்டையிலிருந்து வந்த மெல்லிய வயர் இன்னும் அறுபடாமல் கிடந்தன. முத்துக்கனி அரிவாள்மணையை அடுப்பில் காட்டி வயரை அறுத்தாள். அறுத்த இடத்தில் ஒரு சொட்டு மஞ்சளாக வந்தது. அவ்வளவுதான். யாரும் ஆச்சரியப்படவில்லை. பிள்ளை பெற்ற வீட்டில் கேட்கிற முதல் கேள்வியைத்தான் எல்லோரும் கேட்டார்கள்.

"யாரு வேலை இது?"

"பி பிளாக் ஏட்டு வீட்டுப் பெட்டிதான். ஆறு மாசமா அதுவும் இதுவும்தான லைன்ல சேந்து வெளையாடுது" என்றாள் முத்துக்கனி.

ஏட்டு ராஜகுமாரனுக்கு முகம் சிவந்துவிட்டது. "பாத்துப் பேசுங்க. எங்க பெட்டி அப்பிடிப்பட்டதில்ல."

"ஒம்மள யாருவே சொன்னா? நீரு தூங்கினப்பொறவு அது எங்க போகுதுன்னு ஒமக்குத் தெரியுமா?" என்று கேட்டார் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் பேச்சிமுத்து. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அடுத்த இரண்டு வாரத்தில் ஏழு வீட்டில் பெட்டி பெற்றது, அதற்கடுத்த வாரத்தில் பத்தொன்பது வீட்டில் பெற்றது, பெற்ற வீட்டு வாசலில் வேப்பிலை செருகினார்கள், பெற்ற பெட்டியில் பதினாறு நாள் யாரும் விளையாடக் கூடாதென்று வைத்தார்கள், அதன் காற்று ஓட்டையில் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற காயப் பொடியை வெல்லத்தோடு உருட்டி வைத்தார்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் குட்டியைப் பார்க்க வரும்போது வெறுங்கையோடு வராமல் நாலு பேட்டரி வாங்கிக்கொண்டு வந்தார்கள். எங்கள் ஆட்கள் எதையும் இரண்டே வாரத்தில் வழக்கமாக்கிவிடுவார்கள். அதில் எனக்கு அப்போது ஒரு பெருமைகூட இருந்தது.

சேனை வைக்கிற வழக்கமும் அப்படித்தான் வந்தது. பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாக விரலால் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பதை எங்கள் பக்கம் சேனை வைப்பது என்போம். யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. அதனால் எங்கள் ஆட்கள் நல்ல குணம் உள்ளவர்களைத் தேட மாட்டார்கள், பெரிய ஆட்களைத் தேடுவார்கள். ஒரு டாக்டர் கிடைத்தால் டாக்டர், தாசில்தார் கிடைத்தால் தாசில்தார், காரில் வந்து இறங்குகிற யாராவது கிடைத்தால் ஆஸ்பத்திரி வாசலில் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவார்கள். என் மகன் செல்வினுக்குச் சேனை வைத்தது ஒரு கப்பல் கேப்டன். நான்தான் காலில் விழாத குறையாகக் கூட்டிவந்தேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பிள்ளைகள் விஷயத்தில் அந்த நம்பிக்கை பலித்ததா என்று எனக்குத் தெரியாது. குட்டிப் பெட்டிகள் விஷயத்தில் அப்படியே பலித்தது. முத்துக்கனியின் நாத்தனார் சேனை வைத்த குட்டி, யார் விளையாடினாலும், "இப்படியா ஓட்டுவாங்க, சரியாப்போச்சு" என்று குறை சொல்லிக்கொண்டே இருந்தது. கண்டக்டர் சேனை வைத்த குட்டி அவரவர் முறை முடிந்ததும் விசில் அடித்து, அடுத்த ஆளுக்கு இடம் விடச் சொன்னது. ஏட்டு தன் வீட்டுக் குட்டிக்குத் தானே வைத்துக்கொண்டார். அது மத்தியானமானால் தூங்கிவிடும், எழுப்பினால் முறைக்கும். ஒரே ஒரு விதி இருந்தது: குட்டி முதல் சத்தம் போடுவதற்குள் வைக்க வேண்டும். அதற்குப் பிறகு வைத்தால் அது வெறும் தண்ணீர்.

யாரும் கடையில் பெட்டி வாங்கவில்லை. எதற்கு வாங்க வேண்டும்? ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று பிறந்து, வளர்ந்து, மூன்று மாதத்தில் தாய் அளவுக்கு வந்துவிடுகிறது. தாய்க்குத் தெரிந்த விளையாட்டெல்லாம் அதற்கும் தெரிந்திருக்கிறது. பாளை ரோட்டில் இருந்த கம்பெனிக் கடையில் வேலை பார்த்தவன் என் மகன் செல்வின். கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கிய புதுப் பெட்டிகளைத் துடைத்துத் துடைத்து, வெளியே மழையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நாற்பத்திரண்டு வயது. அந்த வேலையைத் தவிர வேறொன்றும் தெரியாது.

"கம்பெனிக்குத் தெரிஞ்சா வந்து எல்லாத்தையும் ஒடைச்சுப் போடுவாங்கப்பா" என்றான்.

உடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். உடைக்க வந்தவனை எங்கள் ஆட்கள் கல்லெடுத்து விரட்டியிருப்பார்கள். வந்தது மண்டல மேலாளர் மோகனரங்கன். தாம்பாளத்தில் பழமும் பூவும் வைத்துக்கொண்டு, பெற்ற வீடுகளுக்கெல்லாம் வாழ்த்துச் சொல்லிக்கொண்டு வந்தார். மெல்லிய ஆள், மெல்லிய குரல், கை இரண்டும் இப்போதுதான் வேகவைத்து எடுத்ததுபோல் இளஞ்சிவப்பாக இருக்கும். முத்துக்கனி வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டு, சேனை என்றால் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டார். கேட்டுவிட்டுக் காப்பியைக் கடைசிச் சொட்டு வரை குடித்து முடித்தார். பிறகு, பக்கத்தில் நின்ற செல்வினிடம், எங்களுக்கும் கேட்கும்படிதான் சொன்னார்.

"செல்வின், பெட்டி விக்கறதெல்லாம் பழைய வியாபாரம். ஒருத்தன் ஒரு பெட்டி வாங்கினா ஏழு வருஷம் நம்ம கடைப் பக்கமே வர மாட்டான். நாம தொழிற்சாலை கட்டணும், கப்பல்ல ஏத்தணும், கடை வைக்கணும். இங்க பாரு. இவங்க வீட்லயே பொறக்குது, இவங்களே வளர்க்கறாங்க, இவங்க கரண்ட்டு, இவங்க வெல்லம். நமக்கு வேண்டியது குணம் மட்டும்தான்."

"குணம்னா, சார்?"

"வாடகை கேக்கற குணம்."

இதை அத்தனை பேரும் கேட்டோம். முத்துக்கனி கேட்டாள், கண்டக்டர் கேட்டார், கதவோரம் நின்று நானும் கேட்டேன். ஆனால் அடுத்த நிமிடம் அவர், "உங்களுக்கெல்லாம் விருப்பம்னா, இனி பொறக்கப்போற குட்டிக்கெல்லாம் நானே சேனை வைக்கறேன்" என்று சொன்னபோது, அந்த வீட்டில் இருந்தவர்கள் முகத்தில் வந்த மலர்ச்சியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். காரில் வந்து இறங்கிய ஒருவர், கேட்காமலே, தானாக வைக்கிறேன் என்கிறார். இப்படி ஒன்று எங்கள் காலனியில் நடந்ததே இல்லை.

"மேனேசர் கையால வைக்கதுன்னா சும்மாவா?" என்றாள் முத்துக்கனி.

சமுதாயக் கூடத்தில் பந்தி இலை போடுகிற மாதிரி வரிசையாகப் பாய் விரித்து, நிறைமாதப் பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். பிறக்கிற முதல் சத்தத்துக்கு முன் அவரை எட்டிப் பிடிக்க வேண்டுமே என்று ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டு நின்றார்கள். "சார், இங்கன வாங்க, எங்களுக்கு வலி வந்துட்டு!" "எங்களுக்குத் தலை தெரியுது சார்!" அவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வரிசையில் நடப்பார், பின்னால் தட்டில் ஒரு எவர்சில்வர் டம்ளரை ஏந்திக்கொண்டு என் மகன் நடப்பான்.

அந்த ஒரு டம்ளர்தான். முதல் நாள் முத்துக்கனி பேச்சுவாக்கில், "பழைய மாவு கொஞ்சம் கெடந்தாத்தான் சார் புது மாவு ஒழுங்காப் புளிக்கும்" என்று சொல்லியிருந்தாள். அதை அவர் பிடித்துக்கொண்டார். டம்ளரைக் கழுவவே விடவில்லை. தண்ணீர் குறையக் குறைய அதன்மேலேயே புதுச் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றச் சொன்னார். எல்லாக் குட்டிக்கும் ஒரே தண்ணீர், ஒரே விரல், ஒரே குணம் என்றார். விரலை முக்குவார், சவ்வைக் கிழித்துக் குட்டியின் வாயில் வைப்பார், மஞ்சளாக ஒட்டியதோடு மறுபடியும் முக்குவார். நாலாம் நாள் அந்தத் தண்ணீர் சாம்பல் நிறமாகிவிட்டது. பத்தாம் நாள் நூல் பிடித்தது. ஈ விழுந்தது, தலைமுடி விழுந்தது, ஒன்றையும் எடுக்கவில்லை. ஜனங்கள் அதைப் பார்த்துக்கொண்டே கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

ஏற்கெனவே சேனை வைத்த பழைய குட்டிகளை வைத்துக்கொள்ள எல்லோருக்கும் வெட்கமாகிவிட்டது. ஒரு நாத்தனார், ஒரு கண்டக்டர் இவர்கள் குணம் யாருக்கு வேண்டும்? பேச்சிமுத்து தன் குட்டியைத் தானே சாக்கில் கட்டி உப்பாற்று ஓடையில் போட்டுவிட்டு வந்தார். சாக்கு முங்குகிறவரை உள்ளே விசில் சத்தம் கேட்டுக்கொண்டிருந்ததாம். அதை டீக்கடையில் சிரித்துக்கொண்டே சொன்னார், நான் டீயை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

மேலாளர் விரல் பட்ட குட்டிகள் வாய் திறந்ததும் முதல் வார்த்தையாக, "அன்பான வாடிக்கையாளரே" என்றன. அவர் குரல் அப்படியே. அரைமணி நேரம் விளையாட விட்டு, கார் வளைவில் திரும்பிக்கொண்டிருக்கும்போதோ பந்து காற்றில் இருக்கும்போதோ படத்தை நிறுத்தி, "அன்பான வாடிக்கையாளரே, உங்கள் நேரம் முடிந்தது" என்று கையை நீட்டுகிற மாதிரி ஒரு சின்ன விளக்கை நீட்டின. வாடகை கொடுத்தால் பந்து விழும். கொடுக்காவிட்டால் அந்தரத்திலேயே நிற்கும். ஒரு மாதம் கழித்து, விளையாடாமல் சும்மா வைத்திருப்பதற்கும் கேட்டன. அதற்கடுத்த மாதம், மற்றவன் விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறவனிடமும் கேட்டன. நான் ஏதாவது கலகம் நடக்கும் என்று எதிர்பார்த்தேன். "எவ்வளவு மரியாதையாக் கேக்குது பாத்தியளா? கெட்டுன மாப்பிள்ளகூட என்னை அன்பானன்னு சொன்னதில்ல" என்று முத்துக்கனி சொன்னாள். அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனாலும் கொடுத்தாள்.

தாய்ப்பெட்டிகளை மூன்று மாத இலவச நேரத்துக்கு மாற்றாக எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள் கம்பெனிக்காரர்கள். தாய் வீட்டில் இருந்தால் மறுபடியும் பெறும், யார் விரல் முந்தும் என்று சொல்ல முடியாதல்லவா? ஜனங்கள் வரிசையில் நின்று ஏற்றிவிட்டார்கள். காய்கறி லாரி ஒன்று. காயம் தின்று பால் கட்டியிருந்த பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக எறிந்ததில், காற்று ஓட்டைகள் வழியாக வெள்ளையாக ஒழுகி, லாரியின் பின்பலகையில் சொட்டி, கேட் வரைக்கும் ஒரு கோடு போட்டுக்கொண்டு போனது. இரண்டு நாள் அந்தக் கோட்டில் நாய்கள் நக்கின. உப்பளத்துப் பக்கம் ஒரு கொட்டகையில் அவற்றை வயரால் ஜோடி ஜோடியாகக் கட்டிப் பெற வைக்கிறார்கள் என்று செல்வின் சொன்னான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

காலனியில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு பழைய பெட்டி. என் வீட்டில் இருந்தது.

அது என் மனைவி அன்னபாக்கியம் வாங்கியது. கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டோடு மூன்று மாதம் கிடந்தபோது, செல்வினிடம் சொல்லிக் கடையிலேயே பழைய மாடல் ஒன்றை வாங்கிக்கொண்டாள். அவளுக்குப் பிடித்தது ஒரு கார் பந்தயம். ஆனால் அவள் பந்தயம் ஓட்ட மாட்டாள். மற்ற கார்கள் எல்லாம் பறந்து போன பிறகு, மெதுவாக, ஒரு மலையடிவாரத்து ரோட்டில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருப்பாள். "போட்டி எதுக்குங்க, ரோடு எவ்வளவு நல்லா இருக்கு" என்பாள். துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் கிரேன் ஓட்டியவன் நான். கூண்டுக்குள் கப்பலுக்குக் காத்திருந்த நேரத்தில்தான் நாலு எழுத்து ஒழுங்காகப் படித்தேன். அவள் போன பிறகு, மத்தியான வேளைகளில் அந்தப் பெட்டியைப் போட்டு, அந்த ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் வீட்டில் நெட் லைன் கிடையாது. எந்தப் பெட்டியோடும் அது சேர்ந்ததில்லை. லாரி வந்த அன்று கொடுக்க மாட்டேன் என்றேன். பழசு, இனி பெறாது என்று விட்டுவிட்டுப் போனார்கள்.

மாசி மாதத்தில் ஒரு நாள் மாவு கொடுக்க வந்த முத்துக்கனி அதை உற்றுப் பார்த்தாள். தொட்டுப் பார்த்தாள்.

"மாமா, ஒங்க பெட்டி முழுகாம இருக்கு."

"போளா கோட்டி, பைத்தியம் மாதிரி பேசாத. இந்த வயசுலயா?"

"வயித்தத் தொட்டுப் பாருங்க. எனக்குத் தெரியாதா?"

அவள் வாயில் எதுவும் தங்காது. அன்று சாயங்காலமே செல்வின் வந்துவிட்டான். வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றான்.

"எப்பா, பங்குனியோட கடைய மூடுதாங்க. எல்லா ஊர்லயும் மூடுதாங்க. இனி பெட்டி விக்கக் கடைனே ஒண்ணு கெடையாதாம். ஊருக்கு ஒரு ஆள மட்டும் மேற்பார்வைக்கு வச்சுக்கிடுவாங்களாம். இந்த ஊருக்கு நான்னு மேனேசர் சொல்லிட்டாரு."

"நல்லதுதான?"

"காலனியில அவரு வெரல் படாத வெளிப் பெட்டி ஒண்ணுகூட இருக்கக் கூடாதுங்காரு. ஒண்ணுகூட." செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். "எப்பா, ஒரு வெரல்தானப்பா. ஒங்கள என்ன செய்யச் சொல்லுதேன்? சும்மா நின்னாப் போதும்."

"ஏல, அது ஒங்கம்மா பெட்டி."

"அம்மா இருந்திருந்தா என் வேலைதான் முக்கியம்னு சொல்லியிருப்பா."

உண்மைதான். அவள் அப்படித்தான் சொல்லியிருப்பாள். சரி, சும்மா நிற்கிறேன் என்று சொன்னேன். நானே என் விரலை வைத்துவிடலாமா என்றும் நினைத்துப் பார்த்தேன். காலனியில் உள்ள அத்தனை பேரையும் பார்த்து முகம் சுளிக்கிற ஒரு கிழவனுடைய குணத்தை வாங்கிக்கொண்டு அது என்ன செய்யும்? அதுவும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

பங்குனி முதல் வாரம், பகல் பதினொரு மணிக்குப் பெட்டிக்கு வலி கண்டது. என் வீட்டுக் கூடம் சின்னது. மேலாளர் வந்தார், அவர் பின்னால் டம்ளர்த் தட்டோடு செல்வின் வந்தான், அவர்கள் பின்னால் காலனியே வந்தது. ஜன்னல் கம்பியில் முகம் முகமாக ஒட்டிக்கொண்டு நின்றார்கள். அதே டம்ளர். அரை டம்ளர் இருந்தது. மேலே ஆடை கட்டியிருந்தது. ஆடைக்குள் ஒரு ஈயின் இறக்கை, யாரோ ஒரு பெண்ணின் நீள முடி, மஞ்சள் திட்டுகள். நாலு மாதத்தில் காலனியிலும் சுற்றுவட்டாரத்திலும் பிறந்த அத்தனை குட்டிகளின் வாயும் அதில் இருந்தது. மோந்து பார்க்காமலே வாடை வந்தது.

குட்டி ஒன்றுதான். சவ்வு இல்லாமல் வந்தது. விளக்கு கண் மாதிரி ஒரு தடவை எரிந்து, கூடத்தில் இருந்தவர்களை எல்லாம் பார்த்தது. முத்துக்கனி வயரை அறுத்தாள்.

"சீக்கிரம்" என்றார் மேலாளர். அந்த இளஞ்சிவப்பு விரலை நீட்டினார். மகன் தட்டை உயர்த்தினான்.

சும்மா நிற்பதாகச் சொன்னவன் நான். சும்மாதான் நின்றேன். ஆனால் அந்த நகத்தைப் பார்த்தேன். நகத்தின் இடுக்கில் பழைய மஞ்சள் காய்ந்து கறுத்திருந்தது. கிரேனில் பாரம் தவறும்போது, யோசிப்பதற்கு முன்னாலேயே கை லீவரைப் பிடித்துவிடும். அப்படித்தான் கை போனது. தட்டிலிருந்த டம்ளரை எடுத்தேன். கீழே கொட்டினால் தரையிலிருந்து தொட்டு வைத்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும். அதனால் குடித்தேன். ஆடையோடு, இறக்கையோடு, முடியோடு, ஒரே மூச்சில், அடிவரைக்கும் குடித்து, விரலை விட்டு ஓரத்தில் ஒட்டியதையும் வழித்து நக்கினேன்.

"ஏ கோட்டி மாமா!" என்று முத்துக்கனி கத்திவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். ஜன்னலில் யாரோ வாந்தி எடுத்தார்கள். "வேற கரைங்க, சீனி எங்க, சீனி!" என்று மேலாளர் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார். கண்டக்டர் சமையலறைக்குள் ஓடி உப்பு டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தார். அதற்குள் குட்டி முதல் சத்தம் போட்டுவிட்டது. ஒரு சின்ன என்ஜின் சத்தம், மெதுவாக. டிவியில் ரோடு தெரிந்தது.

செல்வின் வெறும் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. தட்டைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டுப் போனான். வேலை வேறொருவனுக்குப் போயிற்று. செல்வின் தன் பெண்டாட்டி ஊரான சாத்தான்குளத்துக்குக் குடும்பத்தோடு போய்விட்டான். கிறிஸ்துமஸுக்குப் போன் செய்கிறான், சாப்பிட்டியளா என்று கேட்கிறான்.

எவர் குணமும் இல்லாத அந்தக் குட்டி இப்போது தாயளவு வளர்ந்துவிட்டது. யார் வந்து அழுத்தினாலும் விளையாடுகிறது. கேட்பதில்லை, நிறுத்துவதில்லை. காலனிக்காரர்கள் என் வீட்டு வாசலைத் தாண்டும்போது மூக்கைப் பிடித்துக்கொள்கிறார்கள், ஆனாலும் வாடகை கொடுக்க முடியாத மத்தியானங்களில் ஒருவர் இருவராக வந்து, செருப்பை வெளியே விட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் உட்கார்ந்து ஓட்டிவிட்டுப் போகிறார்கள்.

நேற்று முத்துக்கனி வந்தாள். மாவு அரைத்து வலித்த கையோடு, மலையடிவாரத்து ரோட்டில், மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்தாள். "நல்லா இருக்கு மாமா. ஒண்ணும் கேக்க மாட்டேங்குது" என்றாள். அரைமணி நேரம் ஆனபோது என் தொண்டையில் அது ஏறியது. தினமும் ஏறுகிறது. என் குரல் இல்லை, மெல்லிய, மரியாதையான குரல். அன்பான வாடிக்கையாளரே என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன். அதனால்தான் நான் யாரோடும் பேசுவதில்லை. சொல்ல வேண்டியதை எழுதி வைக்கிறேன்.

"என்ன மாமா, பேசவே மாட்டேங்கிய?" என்று அவள் திரும்பாமல் கேட்டாள்.

எழுந்து முற்றத்துக்குப் போய்த் துப்பினேன். இத்தனை நாளுக்குப் பிறகும் இனிப்பாகத்தான் வருகிறது. துப்பிய இடத்தில் எறும்பு வந்துவிட்டது.